சீமை அத்தி: வெட்டும் நாளும் பழுக்கும் நாளும்



நெடுநாள் காணாத உறவினர் திடீரென்று வாசலில் வந்து நின்றால், "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே!" என்று வரவேற்கிறோம். அத்தி பூப்பதை யாரும் பார்த்ததில்லை என்பது இந்த வழக்கின் பொருள். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பதன் உள்ளேதான் அதன் பூக்கள் நூற்றுக்கணக்கில் அடங்கியிருக்கின்றன. ஒரு பழத்தைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பாக நூல் நூலாகத் தெரிபவை எல்லாம் பூக்களே.

இன்று நான் பேசப் போவது பூவைப் பற்றி அன்று. பழத்தைப் பற்றியும், அந்தப் பழத்தை நமக்கு வேண்டிய மாதத்தில் மரத்திடமிருந்து வாங்கும் வழியைப் பற்றியும்தான்.

முதலில் எந்த அத்தி என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் பாட்டன்மார் ஊரில் ஆற்றங்கரையிலும் கோயில் அருகிலும் வளர்ந்தது நாட்டு அத்தி. அதன் காய்கள் அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சொல்வது சீமை அத்தி. நம் மலாய் அண்டை வீட்டார் இதை 'புவா தின்' என்பார்கள். திருக்குர்ஆனின் 95-ஆம் அத்தியாயத்துக்கு இந்தப் பழத்தின் பெயரே வழங்குகிறது. அதனால் அவர்களிடம் இந்தப் பழத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கடைகளில் துருக்கி நாட்டிலிருந்து வரும் உலர்ந்த அத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுப் பழம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. சீமை அத்தி மரத்திலேயே பழுக்க வேண்டும். பறித்த பிறகு இனிப்பு ஏறாது. பழுத்துவிட்டாலோ இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே தூர தேசத்துப் பழத்தைவிட, நம் லயத்து வாசலில் காலையில் பறித்த பழம் எப்போதும் ஒரு படி மேல்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம் நாட்டில் பலர் இந்த மரத்தைச் சாடியிலும் பாலி பையிலும் வைத்து வளர்த்து வருகிறார்கள். ஜொகூரிலும் பல வீட்டு வாசல்களில் இதைப் பார்க்கலாம். ஆனால் நான் கேட்கும் குறை எங்கும் ஒன்றுதான். "மரம் நன்றாக வளர்கிறது ஐயா, இலையும் பெரிது பெரிதாக விடுகிறது. பழம் மட்டும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் வருகிறது. வந்ததும் மழையில் வெடித்துப் போகிறது."

இந்தக் குறை நானும் பட்டதுதான். முதல் மரம் வைத்தபோது இரண்டு ஆண்டு அதன்மேல் கத்தியே வைக்கவில்லை. ஆசையாக வளர்த்த மரத்தை வெட்ட மனம் வரவில்லை. அது கூரையைத் தொட்டது. பழம் பத்துக்கூடத் தேறவில்லை. பிறகு ஒருவர் சொன்னார் என்று ஓர் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டினேன். மரம் துளிர்த்தது, காய் நிறையப் பிடித்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. டிசம்பர் நடுவில் காய்கள் பழுக்கத் தொடங்கின. அந்த வாரமே அடைமழை பிடித்தது. பழங்கள் வெடித்தன, புளித்தன, எறும்பு மொய்த்தது. கூடை கூடையாகக் குழியில் கொட்டினோம். வெட்டியது தவறல்ல, வெட்டிய நாள்தான் தவறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, சீமை அத்தியின் பிறந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது மேற்கு ஆசியாவையும் மத்தியதரைக் கடற்கரை நாடுகளையும் சேர்ந்த மரம். அங்கே கடுங்குளிர் வந்ததும் மரம் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். இளவேனிலில் எல்லா மொட்டுகளும் ஒன்றாக விழிக்கும். புதுக் கிளை வளர வளர, ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு காய் வரும். கோடையின் கடைசியில் அவை பழுக்கும். அந்த நாட்டு விவசாயி குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது ஒருமுறை கவாத்துச் செய்வார். கோடையில் இரண்டாம் முறையாக, புதுக் கிளை ஐந்தாறு இலை விட்டதும் அதன் நுனியைக் கிள்ளிவிடுவார். கிளையின் வளர்ச்சி அங்கே நிற்கும். மரத்தின் சத்து காய்க்குத் திரும்பும். குளிர் வருமுன் பழம் பழுத்துவிடும். இதுதான் கோடைக் கவாத்து.

நம் ஜொகூரோ பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே குளிர்காலம் கிடையாது. பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். மரத்தை உறங்க வைக்கவும் எழுப்பவும் இங்கே ஒரு பருவம் இல்லை. அதனால் அது நுனியை நீட்டிக்கொண்டே போகிறது. காய் சிதறிச் சிதறி வருகிறது. பருவம் செய்யாத வேலையை இங்கே நம் கத்திதான் செய்ய வேண்டும். நாம் வெட்டும் நாளே அந்த மரத்துக்கு இளவேனிலின் முதல் நாள்.

இது புதிய வித்தையும் அன்று. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு அருகே புரந்தர் என்னும் வட்டம் இருக்கிறது. அங்கு விளையும் அத்திப்பழம் பேர்பெற்றது. 2016-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயும் கடுங்குளிர் இல்லை. அந்த ஊர் விவசாயிகள் தண்ணீரை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுத்து, கவாத்துச் செய்து, எருவிட்டு, மீண்டும் நீர் பாய்ச்சி மரத்தை எழுப்புகிறார்கள். அவர்களுக்கு ஆண்டில் இரண்டு போகம். மழைக்காலத்தில் வருவதைப் 'புளிப்புப் போகம்' என்றும், மழை ஓய்ந்த பின் வருவதை 'இனிப்புப் போகம்' என்றும் அவர்கள் மொழியில் சொல்வார்கள். மரம் அதே மரம், மண்ணும் அதே மண். பழுக்கும் காலம் மாறினால் ருசியும் மாறிவிடுகிறது என்பதை அந்தப் பெயர்களே சொல்கின்றன.

இனி, வெட்டினால் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் குடும்பத்தில் மூத்த பிள்ளை போன்றது. அது இருக்கும் வரையில் கீழே உள்ள பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. அதில் உண்டாகும் ஒரு வளர்ச்சிச் சத்து கீழே இறங்கி மற்ற மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கி, பக்க மொட்டுகள் விழிக்கின்றன. சீமை அத்தி புதுக் கிளையில் காய்க்கும் மரமாகையால், புதுக் கிளை எத்தனையோ அந்த அளவுக்குக் காயும் உண்டு.

எந்த மரத்திலும் கத்தி வைக்குமுன் அது எங்கே காய்க்கிறது என்பதைப் பாருங்கள். பலா அடிமரத்தில் காய்க்கும். ரம்புத்தான் கிளை நுனியில் காய்க்கும். அத்திக்குச் சொன்ன வெட்டை அவற்றுக்குப் போட்டால் நஷ்டம்தான். கொய்யா மட்டும் அத்தியைப் போலவே புதுத் தளிரில் பூப்பது. அத்தி இல்லாதவர்கள் இதே முறையைக் கொய்யாவில் செய்து பார்க்கலாம். நாள் கணக்கு மட்டும் மாறும்.

நாள் கணக்குக்கு வருவோம். என் வீட்டு மரத்தில் நான் குறித்து வைத்தது இது. வெட்டிய 15 முதல் 20 நாளில் மொட்டு விழிக்கும். 40 முதல் 50 நாளில் இலைக் கணுக்களில் மிளகு அளவில் காய் தெரியும். அதிலிருந்து 75 முதல் 90 நாளில் முதல் பழம் பழுக்கும். ஆக, வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கரை மாதம். பிறகு அடியிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு வாரம் பழுத்துக்கொண்டே வரும். வகைக்கு வகை இதில் சில வாரம் முன்பின் ஆகும்.

நம் ஜொகூரில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை. டிசம்பரிலும் ஜனவரியிலும் மெர்சிங், கோத்தா திங்கி பக்கமெல்லாம் கொட்டித் தீர்க்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் அத்தி பழுக்கக் கூடாது. பழுக்கும் நேரத்தில் வேர் மிகுந்த நீரை உறிஞ்சினால் உள்ளே சதை பெருக்கும். தோல் அந்த வேகத்துக்கு விரியாமல் வெடிக்கும். பழத்தின் அடியில் உள்ள 'கண்' வழியாகவும் மழைநீர் புகுந்து பழத்தைப் புளிக்க வைக்கும்.

ஆகவே நான் இப்போது ஆண்டுக்கு இரண்டு வெட்டு வைத்திருக்கிறேன். ஒன்று மார்ச் மாத நடுவில். அதன் பழம் ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை வரும். மற்றொன்று செப்டம்பர் 20-ஆம் தேதி வாக்கில். அதன் பழம் பிப்ரவரித் தொடக்கத்தில் வந்து மார்ச் நடுவில் முடியும். பெருமழை மாதங்களில் மரத்தில் பச்சைக் காய்தான் இருக்கும். பச்சைக் காய் எளிதில் வெடிக்காது. வானம் எப்போதும் நம் கணக்குக்கு அடங்கும் என்று சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கும். அதனால் முடிந்தவர்கள் மரத்துக்கு மேலே நான்கு கம்பு நட்டு ஒரு பிளாஸ்டிக் தாள் கூரை போட்டுக்கொள்வது நல்லது. பக்கம் திறந்திருக்க வேண்டும். காற்றும் வெயிலும் வர வேண்டும்.

இரண்டு மூன்று மரம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். ஒன்றை வெட்டி மூன்று வாரம் கழித்து அடுத்ததை வெட்டுங்கள். ஒரே வாரத்தில் கொட்டிக் கிடக்கும் பழத்தை விற்க முடியாது. ஆனால் வாரந்தோறும் கொஞ்சம் இருந்தால், தெரிந்த வீடுகளுக்கும் இரவுச் சந்தைக்கும் ஒழுங்காகக் கொடுக்கலாம். நோன்பு மாதத்துக்கு வேண்டுமென்று முன்கூட்டியே கேட்பவர்கள் இருந்தால், அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வருவதையும் கணக்கில் சேர்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

வெட்டும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். தாய்மார்கள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் நல்லது.

முதலாவது, மழையில்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஈரத்தில் வெட்டினால் காயத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கத்தி கூராக இருக்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்திருக்க வேண்டும். நம்மில் பலர் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள். ஆழம் தெரியாமல் வெட்டினால் பட்டை கெடும் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் பணியாற்றிய ரிட்லி என்பவர்தான், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி அதே கோட்டில் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அந்தக் கைப்பக்குவம்தான் இங்கேயும் வேண்டும்.

இரண்டாவது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அத்தியை வெட்டினாலும் வெள்ளையாகப் பால் வடியும். நம் நாட்டில் ஒரு காலத்தில் ரப்பருக்காக நட்ட 'ரம்போங்' மரமும் அத்தி இனம்தான். ஆனால் சீமை அத்தியின் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் எழும். கண்ணில் படவே கூடாது. பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாவது, அடிமரத்தை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, அதிலிருந்து மூன்று அல்லது நான்கு கிளைகளை மட்டும் திசைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். காய்த்து முடிந்த ஒவ்வொரு கிளையிலும் அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு மேலே வெட்டுங்கள். கணுவுக்கு ஒரு விரல் அகலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டு விழ வேண்டும். அப்போதுதான் நீர் தங்காது.

நான்காவது, மொட்டுகள் விழித்ததும் ஒவ்வொரு வெட்டிலும் நான்கைந்து துளிர்கள் போட்டியிடும். அவற்றில் வெளிப்பக்கம் நோக்கிய வலுவான ஒன்றையோ இரண்டையோ வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளி எறியுங்கள். இங்கேதான் பலர் மனம் இளகிவிடுகிறார்கள். எல்லாத் துளிரையும் விட்டால் ஒன்றும் தேறாது.

ஐந்தாவது, புதுக் கிளையில் ஏழெட்டுக் காய் கண்ணுக்குத் தெரிந்ததும், நுனியை நகத்தால் கிள்ளிவிடுங்கள். குளிர்நாட்டார் செய்யும் கோடைக் கவாத்து இதுதான். ஆனால் இலைகளைப் பறிக்காதீர்கள். ஒவ்வொரு காய்க்கும் சோறு ஊட்டுவது அதன் பக்கத்து இலைதான். துருநோய் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழுந்த இலைகளை மட்டும் எடுத்துத் தூரத்தில் புதைத்துவிடுங்கள்.

இளமரத்துக்கு ஒரு சொல். நட்டு ஓர் ஆண்டு ஆகாத கன்றில் இத்தனை வெட்டு வேண்டாம். நுனியை ஒருமுறை நறுக்கிக் கிளை பிரியவிட்டால் போதும். நோயில் வாடும் மரத்தையும் முதலில் தேற்றிவிட்டே வெட்ட வேண்டும்.

வெட்டிய பிறகு மரத்தில் இலை இல்லை. ஆகவே அதிக நீர் குடிக்காது. துளிர் வரும் வரையில் மண் காய்ந்தால் மட்டும் நீர் விடுங்கள். துளிர் வந்ததும் நன்கு மக்கிய கோழி எருவோ தொழு உரமோ போடுங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும். நம் ஜொகூர் மண் பெரும்பாலும் புளிப்பு மண். அத்திக்கு அது பிடிக்காது. உரக்கடையில் விற்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடி சில மாதங்களுக்கு ஒருமுறை மண்ணில் கலந்தால் நல்லது. தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள்.

வெட்டிய கிளைகளையும் வீசாதீர்கள். ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்குமாறு நறுக்கி, சின்னப் பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். பல துண்டுகள் வேர் பிடித்துவிடும். பழத்துக்கு முன்பே கன்று விற்றுக் காசு பார்த்த குடும்பங்கள் உண்டு. வாங்குவோருக்கு ஒன்று சொல்கிறேன். சிலவகை அத்திக்கு ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும். அந்தக் குளவி நம் நாட்டில் இல்லை. ஆகவே மசுயி டோஃபின், பிரவுன் டர்க்கி போன்ற, குளவி இல்லாமலே காய்க்கும் வகையையே வாங்குங்கள்.

பழம் பழுத்ததை எப்படி அறிவது? காம்பு தொய்ந்து பழம் தலை கவிழும். தொட்டால் மெத்தென்று இருக்கும். சில வகையில் கண்ணில் தேன்துளி போல ஒன்று நிற்கும். அன்று காலையே பறித்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் பறவைக்குத்தான். காய் முற்றி நிறம் மாறத் தொடங்கும் வேளையில் அதன் கண்ணில் ஒரு துளி சமையல் எண்ணெய் தொட்டு வைத்தால், சில நாள் முன்னதாகவே பழுக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் இது மிகப் பழைய பழக்கம். மழை வரும் போலிருந்தால் இது கைகொடுக்கும். முற்றாத காயில் செய்தால் சப்பென்று போய்விடும்.

நேயர்களே, ஒரு சின்ன மரத்துக்கு இத்தனை பேச்சா என்று நினைக்கலாம். தோட்ட வாழ்க்கையில் நமக்குச் சொந்தமாக ஒரு மரம் வைக்க இடம் இருந்ததில்லை. லயத்து முன்னால் வைத்த மாவும் தென்னையும், வேலை ஓய்ந்து வீட்டைக் காலி செய்யும் நாளில் அங்கேயே நின்றுவிடும். தோட்டம் கைமாறி வீடமைப்பாக மாறியபோது, வைத்த மரத்தைத் திரும்பிப் பார்த்தபடி லாரியில் ஏறியவர்கள் நம்மிடையே பலர். சீமை அத்தி பையிலும் வளரும்; ஆண்டுக்கு இரண்டுமுறை வெட்டுவதால் ஆளுயரத்துக்குள் அடங்கும். வீடு மாறினால் அதுவும் நம்மோடு லாரியில் ஏறும். அடுக்குமாடி வீட்டில் நல்ல வெயில் விழும் மாடம் இருந்தால் அங்கேயும் காய்க்கும். அதைக் கவாத்துச் செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் கைத்தொழிலும் கூடவே போகும்.

ஆகவே ஒரு சிறு வேலை கொடுத்து விடைபெறுகிறேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியை எடுங்கள். உங்கள் மரத்தை வெட்டும் நாளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். துளிர் வந்த நாள், காய் கண்ட நாள், முதல் பழம் பறித்த நாள் ஆகியவற்றையும் குறித்து வாருங்கள். இரண்டு போகம் குறித்துவிட்டால், உங்கள் மரத்தின் கணக்கு என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் அருகில் உள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.